மலைமுழுங்கியைக் கெடுத்துவிட்டார்கள்

மார்ச் 7, சனி

காலையில் பனிமூட்டம், பிறகு நல்ல வெயில். பதுளையில் பழைய கூட்டாளி மருதையோடு பகல் காட்சி. மலைமுழுங்கி என்ற ராட்சத மிருகப் படத்தின் ஐந்தாம் பாகம், தமிழ்க் குரலில்.

குப்பை.

எழுதும்போதும் கோபம். முதல் நான்கு பாகங்களையும் மருதையும் நானும் ஒன்றாகத்தான் பார்த்தோம். நான்காம் பாகத்தில் மிருகம் எரிமலைக்குள் இறங்கிச் செத்தது. மரியாதையான சாவு. இதில் ஒரு டொக்டர் பெண் ஊசி போடுகிறாள், ஒரு பாட்டு, எழுந்து வருகிறது. அவ்வளவுதான்.

இன்னும்:

– உறுமலை மாற்றிவிட்டார்கள். சளி பிடித்த எருமை.

– புதிதாகக் குட்டி ஒன்று. தும்முகிறது. ஜனம் சிரிக்கிறது.

– பழைய மலைமுழுங்கி (ம.மு.) மனிதரைக் கண்டுகொள்ளாது. அது நடக்கும் வழியில் நாம் நின்றால் நம் விதி. இது கண்ணடிக்கிறது!

– கடைசியில் ஊருக்கு மேல் மலை சரிகிறது. ம.மு. முதுகைக் கொடுத்துத் தாங்குகிறது, ஜனம் முழுக்க வெளியேறும் வரை. மலையை விழுங்கிய பிறவி, மலைக்கு முட்டுக்கொடுக்கிறது.

போன நவம்பர் மழையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மருதை குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் மேல் மண் சரிந்தது. அவன் மனைவி ராக்கம்மாள் உள்ளே. அதற்குப் பிறகு மகள் வீட்டை விட்டு அவன் எங்கும் வரவில்லை. இன்று நான்தான் இழுத்து வந்தேன். பஸ் ஸ்டாண்ட் வரை படத்தைக் கிழித்துக்கொண்டே நடந்தேன். "மலைய முதுகால தாங்குதாம்! எந்த மடையன் எழுதுனான்?"

பஸ் ஏறும்போது மருதை சொன்னது ஒன்றே ஒன்று.

"எனக்கு நல்லா இருந்துச்சு மச்சான்."

திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மழை இல்லை. முழங்கால் வலி. மருதை போன் எடுக்கவில்லை. பிறகு மகள் எடுத்தாள். "அப்பா படுத்திருக்காரு மாமா." பகல் பன்னிரண்டுக்குப் படுக்கிற ஆளா அவன்?

நல்லா இருந்துச்சாம். இதைத்தான் தாங்க முடியவில்லை. வேறு எவன் சொன்னாலும் விட்டுவிடுவேன். தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவன் மருதை. சிவன் காமனை எரித்ததும் அவன் சேலையோடு புரண்டு அழுதால் கங்காணி வீட்டுப் பெண்களும் அழுவார்கள். அத்தனை அழுகைக்குப் பிறகுதான் காமன் எழுவான். அப்போதும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். செத்ததை எழுப்ப அதுதான் விலை. இங்கே ஒரு ஊசி, ஒரு பாட்டு.

இந்த மாசி, சாவு விழுந்த தோட்டம் என்று காமன் கம்பம் ஊன்றவில்லை, கூத்தும் இல்லை. ராக்கம்மாளுக்கும் மருதை வாய்விட்டு அழவில்லை.

மத்தியானம் மருமகள் பிரேமா சோறு வைத்தபடி, "மாமா, அந்த மலை சரியிற சீனைப் பத்தியா அவருகிட்ட கத்துனீங்க?"

"படத்தப் பத்திப் பேசுனேன்."

"மண்ணுக்குப் பொண்டாட்டியக் குடுத்தவருகிட்டயா?"

எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள். எவன் வீட்டில் எழவு விழுந்தாலும் கெட்ட படம் கெட்ட படம்தான். கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். தட்டை மூடி வைத்திருந்தாள். பிறகு தின்றேன். அவளோடு பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்பிரிங்வெளி பஸ். வழி நெடுகப் பள்ளம்.

மருதை மகள் வீட்டு வாசலில் கறிக்குப் போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் எழவில்லை. உட்கார்ந்து நானும் உடைத்தேன்.

"போன ஏன் எடுக்கல?"

"எடுத்தா படத்தத் திட்டுவ."

"திட்டத்தான் செய்வேன். ரதி கட்டுனவன் நீ. ஊசி போட்டு எழுப்புறத நல்லா இருக்குங்கிறியே, வெக்கமா இல்ல?"

கையிலிருந்த போஞ்சியை ஒடித்துப் போட்டான்.

"ரதி செத்த புருசனக் கேட்டா. நான் ராக்கம்மாளத் திருப்பிக் கேக்கல மச்சான். அந்த மலை கொஞ்ச நேரம் நின்னிருந்தாப் போதும். செருப்பத் தேடிக்கிட்டு நின்னா. அம்புட்டு நேரந்தான்."

ஆனாலும் படம் குப்பை என்றேன்.

"குப்பதான். அந்த எடம் மட்டும் குப்ப இல்ல. இன்னொருக்காப் பாக்கணும்."

"நான் வாய மூடிக்கிட்டு உக்கார மாட்டேன்."

"நீ என்னைக்கு மூடுன? அங்க போடுற சத்தத்துல எவனுக்குக் கேக்கப்போவுது."

சனிக்கிழமை என்று பேச்சு. மகள் பிளேன்டீ கொடுத்தாள். சீனி அதிகம்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். கோபம் குறையவில்லை, கூடிவிட்டது. மலை சரிகிற அந்த இடத்திலும் குட்டியைத் தும்மவிட்டிருக்கிறார்கள். சரிந்த மலையின் கீழ் ஒருநாளும் நிற்காதவர்கள் எடுத்த படம். மன்னிக்க மாட்டேன்.

மார்ச் 14, சனி

வெயில். பின்னேரம் இடி. மருதை சலவைச் சட்டையில் வந்தான். தியேட்டரில் பாதிக் கூட்டம்.

இரண்டாம் முறையும் குப்பை. ஊசி வந்ததும் சத்தமாகவே சொன்னேன். மருதை சிரித்தான். நவம்பருக்குப் பிறகு இன்றுதான்.

மலை சரியத் தொடங்கியதும் எழுந்து நின்றுவிட்டான். முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவன் வாய் என்னவோ முணுமுணுத்தது. "போ, போ" என்பது போல.

பின்னாலிருந்து ஒருவன், "பெருசு, உக்காருங்க, மறைக்குது." இன்னொருவன் விசில். "தாத்தாவுக்கு டான்ஸ் வருதுடா!"

மருதைக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து பின்பக்கம் திரும்பினேன்.

"அவரு நிப்பாரு. எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் நிப்பாரு. மறைச்சா நீ வேற சீட்டுக்குப் போடா."

பெரிய கூச்சல். டிக்கெட் கிழிக்கிறவன் டோர்ச்சோடு ஓடி வந்தான். அவனிடமும் அதையே சொன்னேன்.