வயலினுக்கு அடியில் ஒரு சர்வேயர்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் தெரு இடிபடப்போகிறது. ஆதாரம்: அவள் கதவில் நகராட்சி ஒட்டிய அறிவிப்பு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தேன். கால்வாய் நிலத்தை ஆக்கிரமித்த வீடுகளாம். ஆட்சேபம் இருந்தால் விசாரணைக் குழுவிடம் சொல்லலாம்.

அக்கா பதறவில்லை. "அளந்த நகராட்சி சர்வேயரே என் வாசல்ல நின்னு, இந்தத் தெரு கால்வாய் எல்லைக்கு வெளியன்னு சொன்னாரே. உங்க ஆளுங்க படம் புடிச்சாங்கல்ல? அதப் போட்டுக் காட்டு."

'உங்க ஆளுங்க' என்றால் மக்கள் வீடியோ குழு. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் போய்ச் சேர்ந்த இடம்.

மார்ச் 4

அவள் வீட்டிலேயே படத்தைப் போட்டுப் பார்த்தோம். பெயர் 'குரலற்ற தெரு'. சர்வேயர் வாசலில் நிற்கிறார். வாய் அசைகிறது. கேட்பது வயலின். அது ஓய்ந்ததும் எங்கள் ஒருங்கிணைப்பாளரின் குரல்: "இந்த மௌனம் யாருடையது?"

வேறு யாருடையது? அவர் ஒலியை அணைத்ததால் வந்த மௌனம்.

அக்கா பேசும் இடத்திலும் அதே வயலின், அதே குரல். படம் முழுக்கப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

"எனக்குக் குரல் இல்லன்னு எந்தப் புண்ணியவான்டா சொன்னான்?" என்றாள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

மார்ச் 5

குழு அலுவலகம். எங்களுக்குத் தலைவர் கிடையாது, ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. அவர் நினைப்பதை நாங்கள் ஏகமனதாக முடிவெடுப்போம்.

அசல் பதிவைக் கேட்டேன். படம் முடிந்ததும் மெமரி கார்டை அழித்து அடுத்த போராட்டத்துக்கு எடுத்துப்போவதுதான் வழக்கம் என்றார்கள்.

"அண்ணே, உணர்வுதான் முக்கியம். தகவல யார் வேணா சொல்லலாம்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஒருத்தர் சொன்னாரே தம்பி. அவர் மேலதான வயலின் வாசிச்சீங்க?"

தேநீர் வரவழைத்தார்.

மார்ச் 6

விசாரணைக் குழுவின் எழுத்தரிடம் கேட்டேன். வெட்டாத, ஒலியுள்ள பதிவானால் ஏற்பார்கள். உதட்டசைவு செல்லாது.

தூக்கம் இல்லை. அக்கா எங்க போவா? என் ஒண்டுக்குடித்தனத்துக்கா? அவ பாத்திரம் வைக்கவே இடம் பத்தாது. ஒத்த ஆளா நின்னு கட்டின வீடு — ஒரு வயலினுக்காகவா போகணும்?

மார்ச் 9

என்னைக் கேட்காமல் அக்கா சர்வேயருக்கே போன் போட்டுவிட்டாள்.

"சார், அந்தப் படத்துல ஆளு ஜோரா இருந்தீங்க. குரல் மட்டும் வரல. திரும்ப எடுக்கணும்."

சொந்த அலுவலகத்துக்கு எதிராக எவன் வந்து பேசுவான் என்றேன்.

"நீ மனுஷங்களப் பத்தி எழுதினவன். நான் அவங்களோட குப்பை கொட்டினவ."

மார்ச் 11

வந்தார். தலையைப் படிய வாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அறிவிப்பைப் படித்ததும் முகம் மாறியது. அவருடைய அளவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு பிரிவு புதிதாகக் கோடு போட்டிருக்கிறது.

"வெயில்ல நின்னு அளந்தது நான். நாற்காலியில உக்காந்து கோடு இழுக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"அதையே இங்க பாத்துச் சொல்லுங்க சார்," என்று அக்கா தன் கைபேசியை நீட்டினாள்.

சொன்னார். எல்லைக்கல் வரை நடந்து, தெரு அதற்கு எந்தப் பக்கம் என்று தொட்டும் காட்டினார். இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொல்லவா என்று அவரே கேட்டார். அக்கா மறுக்கவில்லை.

செய்தி எட்டி ஒருங்கிணைப்பாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அக்கா, அத எனக்கு அனுப்புங்க. அடியில லேசா ஒரு வயலின் மட்டும்—"

"கிட்ட வந்தா தெரியும் சேதி."

மார்ச் 16, திங்கள்

விசாரணை. அக்காவின் பதிவை முழுக்கப் பார்த்தார்கள். நாய் குரைத்தது, அதை அவள் அதட்டியது, சர்வேயர் சொன்னது — எல்லாம் கேட்டது. மறுபடி அளக்க உத்தரவு. அதுவரை இடிப்பு இல்லை. ஆதாரம்: உத்தரவின் நகல், என் பையில்.

மாலையில் எங்கள் வீடியோ குழு 'நம் படத்தின் வெற்றி' என்று பதிவு போட்டிருக்கிறது. ஏகமனதாக.

நிலுவையில் இருப்பது: மறு அளவையின் முடிவு. எதிர்பார்க்கும் நாள் ஏப்ரல் 2, வியாழன். அக்கா அதுவரை பொறுக்கப்போவதில்லை. வரும் ஞாயிறு சமையலறைக்கு வெள்ளையடிக்கிறாளாம். ஏணியைப் பிடிக்க நான் போக வேண்டும்.