புயல்கை கீழே விழமாட்டார்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன். ஆனால் இன்று காலை பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் நம் படக்கதையின் மூன்றாவது இதழை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டியதிலிருந்து எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசலாம் என்றால், நான் குரலை உயர்த்தியதும் "மை காயுது" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

அந்த ஆள் அங்கே என்ன செய்கிறார்?

அப்பா போன பிறகு பதிப்பக முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு, "அவரோட புயல்கை நின்னுடக் கூடாது. நீ எழுதும்மா, அண்ணன் வரையட்டும்" என்று கேட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அப்பா உருவாக்கிய புயல்கை அப்பாவோடு போகட்டும். புயலைக் கிளப்பும் அவருடைய இரும்புக் கையுறையை ஓர் இளம் ஆராய்ச்சிக்காரி எடுத்து மாட்டிக்கொள்ளட்டும். இனி பெயரும் அவளுக்கு, வேலையும் அவளுக்கு. நீ தலையை ஆட்டினாய். ஆட்டிவிட்டு, முதல் இதழில் அவர் சாகும் காட்சியில் பாறை விளிம்பில் மேலங்கியின் நுனியை மட்டும் வரைந்து வைத்தாய். உடம்பு எங்கே என்று கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைங்க படிக்கிறது, பிணமெல்லாம் வேண்டாம்" என்றாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

இந்த இதழில் அணையின் கதவு சிக்கிக்கொண்டிருக்கிறது. கீழே ஊர். நம் பெண் காற்றை எந்தப் பக்கமிருந்து விட்டால் கதவு அசையும் என்று தரையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்துகிறாள், கதவு திறக்கிறது. நான் எழுதியது அவ்வளவுதான். அச்சில் பார்த்தால், அவள் கையை உயர்த்துவதற்குள் புகைக்குள்ளிருந்து அந்தப் பெரிய மனிதர் வந்து நிற்கிறார். கதவை அவரே திறக்கிறார். "பயப்படாதே பெண்ணே, நான் இருக்கிறேன்!" என்று ஒரு வசனப் பலூன் வேறு. நம் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள். இவ்வளவு கணக்குப் போட்டவள் கடைசியில் வேடிக்கை பார்க்கிறாள்!

நீ படம் போட்டதும் எனக்குக் காட்டாமல் நேரே அச்சகத்துக்குக் கொடுத்துவிடுகிறாய். அப்பா அப்படித்தான் செய்வாராம். அப்பா எழுதியதும் அவரே, வரைந்ததும் அவரே. அவர் யாருக்குக் காட்டுவார்? நானோ கடையில் வாங்கிப் பார்த்துத்தான் என் கதையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வேறு எவருக்காவது இந்தப் பாக்கியம் உண்டா, சொல்லு.

நான்காவது இதழுக்கான கதை இத்துடன் இருக்கிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல். அண்ணியையும்.

கோபத்தோடு,
உன் வாலு

&nbsp;

ஏப்ரல் 15

என் அருமை வாலுக்கு,

கடிதம் வந்தது. உறையைத் தொட்டபோதே சுட்டது. அண்ணி, "தங்கச்சி எழுதியிருக்காளா? முகம் ஏன் இப்படிப் போகுது?" என்று சிரிக்கிறாள். அம்மா சௌக்கியம்.

நீ ஆளைக் கொன்றுவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டாய். இங்கே பதில் சொல்கிறவன் நான். அச்சகத்துக்குப் போனால் காகிதம் அடுக்குகிறவர், "தம்பி, பெரியவர் புயல்கை எப்ப வருவார்?" என்கிறார். முடி வெட்டப் போனால் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு அதையே கேட்கிறார்கள். வாசகர் கடிதங்களை முதலாளி சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறார். உன் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். அவர்களும் கடைசி வரியில் பழையவரைத்தான் விசாரிக்கிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். அப்பா கண்ணாடியில் தன்னைப் பார்த்துத்தான் புயல்கைக்கு முகம் போட்டார். அது நம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அந்த மூக்கு, அந்த மோவாய் எல்லாம் அவருடையதுதான். இதழ் வந்ததும் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எடுத்த எடுப்பில் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நீ இங்கே இருந்திருந்தால் நீயும் வரைந்திருப்பாய்.

நான்காவது கதை படித்தேன். மேம்பாலம் சரிகிற இடமெல்லாம் பிரமாதம். ஆனால் ஆறாம் பக்கத்தில் அவள் கையை வீசியதும் காற்று அவளையே பின்னால் தூக்கி அடித்து, பாலத்திலிருந்து மல்லாக்க விழுகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, விளையாடுகிறாயா? இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு கட்டத்திலாவது அவரைச் சறுக்க விட்டிருக்கிறாரா? புயல்கை கீழே விழமாட்டார். அதை மாற்றி எழுது, அவள் நிற்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாற்றமாட்டேன்.

தோட்டக் குழாயை முழுசாகத் திறந்தால் அது கையை உதறிக்கொண்டு போகிறதா இல்லையா? பாலத்தையே தாங்கிப் பிடிக்கிற காற்றை ஒரு கையால் விட்டால், விட்டவளையும் அது தள்ளும். அப்பா வரைந்த மனிதர் தூண் மாதிரி நின்றார். எனக்கும் அவரைப் பிடிக்கும், போர்வைக்குள் வைத்துப் படித்தவள்தான் நானும். ஆனால் இவள் ஆராய்ச்சிக்காரி. இவள் தூண் இல்லை.

என் வேலை என்ன என்று உனக்கு எத்தனை முறை சொன்னாலும் "விசிறி சம்பந்தமா ஏதோ" என்றுதான் சொல்வாய். ஆள் நடந்து போகும் அளவுக்குப் பெரிய குழாய் ஒன்று. ஒரு முனையில் ராட்சச விசிறி. நடுவில் பாலமோ கோபுரமோ சின்னதாகச் செய்து வைத்துக் காற்றை விடுவோம். சில சமயம் பிய்த்துக்கொண்டு போய் வலையில் விழும். யாரும் தலையில் கை வைத்துக்கொள்ளமாட்டோம். அங்கேதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கிறது. ஏன் விழுந்தது, எங்கே முதலில் ஆடியது என்று பார்ப்போம். நம் பெண்ணும் விழுந்த பிறகுதான் முதல் முறையாக அந்தக் கையுறையைக் கழற்றி, இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப்போகிறாள். பழையவர் அத்தனை வருஷம் மாட்டியிருந்தாரே, ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்தாரா?

இன்னொன்றும் சொல்கிறேன். போன வாரம் பெரிய கூட்டம். என் சோதனை அளவுகளை நானே விளக்க வேண்டும். நான் இரண்டாவது படத்தைக் காட்டுவதற்குள் துறைத் தலைவர் எழுந்து, "அவங்க சொல்ல வர்றது என்னன்னா..." என்று ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். எனக்கு உதவி செய்கிறாராம். கடைசி வரை அவரே பேசினார், எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அறைக்கு வந்து உன் மூன்றாவது இதழைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான்.

ஒரே ஒரு இதழ், அண்ணா. ஒரே ஒரு தடவை அவள் தொடங்கியதை அவளே முடிக்கட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தங்கை,
வாலு

&nbsp;

மே 8

வாலுக்கு,

இதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கடையில் வாங்கினேன் என்ற பேச்சு வேண்டாம். முதலில் தண்ணீர் குடி. பிறகு திற.

விழ வைத்தேன், நீ கேட்டபடியே. ஆனால் தரைக்கு விடவில்லை. கடைசிக் கட்டத்தில் அவர் பறந்து வந்து பிடித்துக்கொள்கிறார். வேண்டும் என்று செய்யவில்லை. அவள் விழுகிற மாதிரி போட்டுவிட்டு, கீழே வெறும் வெள்ளையாகக் கிடந்த காகிதத்தைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. கை தானாகப் போய்விட்டது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஐந்தாவது இதழிலிருந்து பெரியவர் முழுசாகத் திரும்பி வர வேண்டுமாம். கையுறை அவரிடம் போகும். உன் பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவருக்கு யோசனை சொல்லும் உதவியாளராக இருப்பாளாம். "ரெண்டு பேருக்கும் மரியாதை" என்கிறார். அவள் உயிரோடு இருப்பாள், இதழும் நிற்காது. எனக்கு இது மோசமாகப் படவில்லை. கொஞ்சம் கோபப்படாமல் யோசித்துப் பார்.

அண்ணன்

&nbsp;

மே 13

அண்ணா,

யோசித்தேன். கோபமும் பட்டேன். எனக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

நான் அவரைக் கொன்றேன், கொன்றேன் என்கிறாய். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நானும்தான் நின்றேன். எனக்கும் அப்பாதான் செத்தார். அவர் திரும்பி வந்து ஒரு பக்கத்திலாவது நிற்கட்டும் என்ற ஆசை உனக்கு மட்டும்தானா? எனக்கு வரைய வராது, அதனால் அது வெளியே தெரியவில்லை. ஆனால் நீ கொண்டுவருகிறவர் வரும்போதெல்லாம் அவள் கையிலிருந்து வேலையைப் பிடுங்குகிறார். அப்பா என்னிடம் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட படங்களைத் திருத்தித் தரச் சொல்லி அழுதாலும் தொடமாட்டார். "கோணல்தான், ஆனா உன் கோணல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நீ வரைகிறவர் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது கதை இத்துடன். திரும்பவும் விழுகிறாள், இந்த முறை தரை வரைக்கும். யாரும் வரமாட்டார்கள். அவளே எழுந்துகொள்கிறாள். இதில் அவர் வந்தால் என் பெயரை எடுத்துவிடு. அதற்குப் பிறகு நான் எழுதமாட்டேன். வீட்டுக்கு வருவேன், அம்மாவோடு உட்கார்ந்து பேசுவேன், அண்ணி போடுவதைச் சாப்பிடுவேன். உன் அறைக்குள் மட்டும் வரமாட்டேன்.

தங்கை

&nbsp;

ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இத்தனை நாள் இருந்தது பிடிவாதத்தால்தான். முதலாளி சொன்னதையே வரைவது என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அவரைப் பெரிதாக, பக்கம் முழுக்க வரைந்தேன். நன்றாக வந்துவிட்டது என்ற கர்வத்தில், அச்சுக்குப் போகும் முன்பே அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாருடா இது?" என்றாள்.

"என்னம்மா, அப்பாம்மா."

"உங்கப்பா மூக்கு இப்படியா இருக்கும்? இது உன் மூக்கு. காதும் உன்னுது. போன இதழ்லயும் நீதான் வந்து நின்ன, அதுக்கு முந்தினதுலயும் நீதான். சொன்னா வருத்தப்படுவியேன்னு விட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "பின்ன எதுக்கும்மா எப்பவும் கடைசிப் பக்கத்தையே முதல்ல பார்க்குற?"

"இந்தத் தடவையாவது அந்தப் பொண்ணை விட்டியான்னு பார்க்கத்தான்."

அறைக்கு வந்து மூன்றாவது, நான்காவது இதழ்களோடு இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. அப்பாவின் பழைய இதழைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால் அவர் வருகிறார். மூடிவிட்டு வரைந்தால் நான் வருகிறேன். அவரை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அவரைத் தொலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குப் பேனாவைத் தொடவில்லை. உன் மேல்கூடக் கோபம் வந்தது, எதற்கு என்று கேட்காதே.

மறுநாள் உன் கதையை எடுத்தேன். விழுவது சுலபமாக வந்தது. எழுந்திருப்பதுதான் வரவே இல்லை. நம் அப்பா வாழ்நாள் முழுக்க வரைந்த கட்டங்களில் தரையிலிருந்து ஒருவர் தானாக எழுந்திருக்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. பார்த்துப் போட எதுவுமே இல்லை. நானே தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு எழுந்து எழுந்து பார்த்தேன். உதவிக்குக் கூப்பிட்ட அண்ணி கதவில் சாய்ந்து நின்று, "உடனே எழுந்துக்காதீங்க. அடி பட்டவ அப்படியா எழுந்துப்பா? முதல்ல ஒரு பக்கமா புரளுங்க. இப்ப முழங்கையை ஊணுங்க" என்று மேஸ்திரி மாதிரி வேலை வாங்கினாள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் இரண்டு நாள் தைலம் தேய்த்துவிட்டாள், சிரித்துக்கொண்டேதான். அம்மா அடுத்த அறையிலிருந்து, "யாரு விழுந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படத்தில் நம் பெண் முழங்கை, முட்டி என்று ஊன்றி, அப்புறம் கொஞ்ச நேரம் தலை குனிந்து அப்படியே இருக்கிறாள். அந்தக் கட்டத்தை நீ எழுதவில்லை, நான் சேர்த்தேன். மன்னித்துக்கொள். உண்மையில் அப்படி ஒரு நிமிஷம் தேவைப்படுகிறது.

பக்கங்களை நானே முதலாளியிடம் எடுத்துப் போனேன். புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார். "பெரியவர் எங்கே தம்பி?" என்றார். புயல்கை இனி வரமாட்டார், கதையில் அவர் செத்துப்போனது செத்துப்போனதுதான் என்று எடுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அப்பா செத்துட்டாருங்க" என்று வந்தது. ஆஸ்பத்திரியில் உறவுக்காரர்களுக்கெல்லாம் நீதானே போன் போட்டாய். நான் இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை என்பது அவர் மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

அப்புறம் அவர் சொன்னது இதுதான். உங்கள் அப்பாவுக்காக இந்த இதழை இப்படியே போடுகிறேன், ஆனால் பெரியவர் இல்லாமல் என்னால் விற்க முடியாது, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். நான் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும், நீயாக இருந்தால் விட்டிருக்கமாட்டாய். ஆறாவது இதழ் கிடையாது. நீ கேட்ட ஒன்றே ஒன்று கிடைத்தது, அதற்கு மேல் கிடைக்கவில்லை. எனக்கே பொறுக்கவில்லை, உனக்கு எப்படி இருக்கும்.

உன் பெயர் முதல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். மேஜையில் எனக்கு எதிரே நிற்கிறாள். கையுறையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள், முட்டியில் தூசி. அடுத்து எங்கே போகிறாள்? எனக்குத் தெரியாது. எழுதி அனுப்பு. அச்சில் போட ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, வரைய நான் இருக்கிறேன்.

அண்ணன்