வீட்டில் விழுந்ததாக எழுதுங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். நீயும் அப்பாவும் சௌக்கியம் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் போன கடிதத்தில் என்னைத் திட்ட ஒன்றரைப் பக்கம் தெம்பு உனக்கு இருந்திருக்காது. போன் செய்யவில்லை என்பதுதானே புகார்? சோப்பு ஆலைக் குடியிருப்பில் இருக்கும் ஒரே போன் காவலாளியின் மேஜையில் இருக்கிறது. ‘சாப்பிட்டியா’ என்று நான் கேட்டால், நீ என்ன சாப்பிட்டாய் என்பது சாயங்காலத்துக்குள் எல்லா அறைக்கும் தெரிந்துவிடும். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் தபாலிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

என் அறையில் இருக்கும் டிரைவர் அண்ணனின் குறட்டைக்குப் பழகிவிட்டேன். சோப்பு வாசனைக்கும்தான். இங்கே சட்டை துவைக்கத் தனியாகச் சோப்பு வேண்டாம். தண்ணீரில் போட்டால் தானாகவே நுரைக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கிளைக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டுமாம். போன மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “மார்ச் முடியற வரைக்கும் உங்க புத்தகத்துல ஒரு விபத்தும் ஏறலைன்னா, உங்க பேரைத்தான் அனுப்பப் போறேன்” என்றார். மாற்றல் கிடைத்தால் வீட்டிலிருந்தே நடந்து வேலைக்குப் போகலாம். இதை உனக்கு நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பேக்கிங் பகுதியில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். ஆளை எல்லாரும் நெட்டை என்போம். நிலைப்படியில் தலை இடிக்காத நாள் கிடையாது. சோப்புத் தூள் கொட்டும் குழாய்க்கு நேர் கீழேதான் அந்த ஏணி நிற்கிறது. படிகளில் தூள் படிந்திருக்கிறது, தரை கழுவிய தண்ணீரும் தெறித்திருக்கிறது. மேலே போனவர் ஒரே வழுக்கலில் கீழே வந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

“வீட்டுல விழுந்ததா எழுதிடுங்க, ஆஸ்பத்திரிச் செலவை ஓசைப்படாம நான் பாத்துக்கறேன்” என்கிறார் மேனேஜர். நெட்டை அவருக்கும் மேல். “அண்ணே, பாத்ரூம்ல சோப்பு வழுக்கி விழுந்தேன்னு எழுதுங்க. எவன் சந்தேகப்படுவான்?” என்று அந்த வலியிலும் சிரிக்கிறார். விபத்து ஏறிவிட்டால் பேக்கிங் பகுதி முழுவதற்கும் வருஷக் கடைசியில் வரும் பரிசுப் பணம் போய்விடும். அத்தனை பேர் வயிற்றெரிச்சல் தனக்கு வேண்டாம் என்கிறார்.

என் வேலை உனக்குத் தெரியும். யாருக்கு அடிபட்டது, எங்கே, எதனால் என்று அன்றைக்கே எழுதி மேலே அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்ன செய்யட்டும் என்கிறாய்? யோசித்து எழுது.

அன்புடன்,
உன் தபால்வழிப் புருஷன்


பிப்ரவரி 9

அன்புள்ள என்னவருக்கு,

கடிதம் கிடைத்தது. காகிதத்திலும் அதே வாசனை. மாமா மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “உன் புருஷன் எழுதறானா, துவைச்சு அனுப்பறானா?” என்றார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் விஷயத்தில் மாடிக்காரரோடு பேச்சு நின்றுபோய், இப்போது இருவரும் என் மூலமாகத்தான் திட்டிக்கொள்கிறார்கள்.

வளவளவென்று எழுத மாட்டேன். வீட்டில் விழுந்ததாக எழுதுங்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விழுந்தவரே அப்படி எழுதச் சொல்கிறார். மேனேஜரும் சொல்கிறார். பேக்கிங் பகுதிக்குப் பணம் வரும். எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போய் நின்று என்ன சாதிக்கப் போகிறீர்கள்? யார் குடியையும் கெடுக்கச் சொல்லவில்லையே.

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ‘அப்பாடா’ என்று நான் சொன்னால், ‘என்னாச்சு’ என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். மாமாவிடம் சொன்னால் காது கேட்காமல் “என்ன, என்ன?” என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அதற்குள் எனக்கே மறந்துவிடும். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை விருந்தாளி மாதிரி வந்து, துண்டு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். பொய்யோ மெய்யோ, எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேருங்கள்.

இதற்கு மேல் வெட்கத்தை விட்டு எழுத எனக்குத் தெரியாது.

உங்கள்
வீட்டம்மா


பிப்ரவரி 13

அன்புள்ள என்னவருக்கு,

பதில் வருவதற்குள் இன்னொரு கடிதமா என்று பயப்பட வேண்டாம். எல்லாரும் நலம், என் இடது கை ஆள்காட்டி விரலைத் தவிர. எழுதுவது வலது கை என்பதால் உங்களுக்கு விழ வேண்டிய திட்டில் குறை இருக்காது.

நேற்று எங்கள் தையல் கம்பெனியில் ஆட்களை இடம் மாற்றினார்கள். என்னைப் பட்டன் தைக்கும் மெஷினில் உட்கார வைத்தார்கள். ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். அது உடைந்து போயிருந்தது எனக்குத் தெரியாது. துணியைத் தள்ளினேன், ஊசி நகத்தில் இறங்கி அந்தப் பக்கம் வந்துவிட்டது. டாக்டர் எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். எலும்பில் படவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

என்னைவிட அதிகமாக அழுதது, எனக்கு முன்னால் அதே மெஷினில் இருந்த அக்காதான். “உன் விரலை நான்தான்டி குத்துனேன்” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் முன்பு அவள் விரலிலும் இப்படித்தான் கட்டு இருந்தது. வீட்டுக் கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னாள். மத்தியானத்தில் நான்தான் அவளுக்கு டிபன் டப்பாவைத் திறந்து கொடுப்பேன். அது கதவே இல்லையாம். அதே மெஷின், அதே ஊசி. எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷன். அவருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று பழியைத் தூக்கிக் கதவின் மேல் போட்டுவிட்டு, அன்றிலிருந்து விரலை ஒதுக்கி வைத்துத் தைத்திருக்கிறாள். அவள் வாயைத் திறந்திருந்தால் மறுநாளே தடுப்பு மாட்டியிருப்பார்கள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல மனசோடுதான் மறைத்தாள். கோபமெல்லாம் நாலு நாள் முன்னால் உங்களுக்குக் கடிதம் எழுதினாளே ஒரு மகராசி, அவள் மேல்தான். நெட்டை பாத்ரூமில் விழுந்தார் என்று எழுதினால், உங்கள் கம்பெனிக்காரர்கள் அவர் வீட்டுப் பாத்ரூமையா வந்து கழுவப் போகிறார்கள்? ஏணி அதே இடத்தில், அதே தூளோடு நிற்கும். அடுத்தவன் ஏறுவான்.

கட்டுப் போட்ட கையோடு போய் சூப்பர்வைசரிடம் விபத்துப் புத்தகத்தைக் கேட்டேன். தேடி எடுத்துத் தூசி தட்டினார். உள்ளே எல்லாம் வெள்ளைத் தாள். “என்னம்மா எழுதறது?” என்று பேனாவோடு விழித்தார். “நான் சொல்றேன், எழுதுங்க சார். மெஷின்ல தடுப்பு இல்லை, அதனால ஊசி விரல்ல இறங்குச்சு. ‘கவனக்குறைவு’ன்னு மட்டும் எழுதிடாதீங்க, நான் கவனமாத்தான் தைச்சேன்” என்றேன். “இதெல்லாம் எங்கம்மா படிச்சே?” என்றார். “படிக்கலை சார், கட்டிக்கிட்டேன்” என்றேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவளுடைய கதையும் அடுத்த வரியில் ஏறியது. இன்று காலை புதுத் தடுப்பு வந்துவிட்டது.

அதனால் முந்தின கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி எழுதியிருந்தால் அடித்துவிட்டுத் திருத்துங்கள். மாற்றல் போனால் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. போனால் அழத்தான் அழுவேன். ஆனால் அப்படி ஒன்றை எழுதிவிட்டு வந்து நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தால், எனக்கு என் விரல்தான் ஞாபகம் வரும். பெண்புத்தி பின்புத்தி என்பார் மாமா. பின்னாலாவது வந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

உங்கள்
வீட்டம்மா


பிப்ரவரி 18

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

முதலில் விரலைப் பற்றிச் சொல். வீக்கம் இருக்கிறதா? கட்டை நனைக்காதே. கொஞ்ச நாள் அப்பா பாத்திரம் கழுவட்டும். மாடிக்காரர் பார்த்துவிடுவார் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு கழுவட்டும்.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தேதி பார்த்து வரிசையாகப் படித்தேன். இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்.

நெட்டை விழுந்த அன்றைக்கே நான் எழுதிவிட்டேன். ஏணி, தூள், தண்ணீர் என்று உள்ளது உள்ளபடி எழுதி மேலே அனுப்பியும் விட்டேன். உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது நம் ஊர் வேலை எனக்கு இல்லை என்பதும் தெரியும். மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் வணக்கம் சொன்னால் அவர் சுவரைப் பார்க்கிறார்.

பேக்கிங் பகுதியில் சிலர் சாப்பாட்டு மேஜையில் என் பக்கம் உட்காருவதில்லை. நெட்டையே முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் எலும்புக்குத் தகடு வைத்துத் தைக்க வேண்டும், மாதக் கணக்கில் கை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புத்தகத்தில் ஏறிய விபத்து என்பதால் முழுச் செலவும் கம்பெனியுடையது. கை சரியாகும் வரை சம்பளமும் உண்டு. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். “அண்ணே, உங்களை ஒரு அறை அறையணும்னு இருந்தேன். அதுக்கு ஒரு கை போதும். இப்ப கும்பிடணும்னு தோணுது, அதுக்கு ரெண்டு கை வேணும். கட்டைப் பிரிக்கட்டும்” என்றார். ஏணியை இடம் மாற்றிவிட்டார்கள். தூள் குழாய்க்கும் மூடி போட்டாயிற்று.

அப்புறம் எதற்கு என்னைக் கேட்டீர்கள் என்பாய். ‘மாற்றல் போய்விட்டது, என்னால்தான் போயிற்று’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தைரியம் வரவில்லை. உள்ளதை எழுதுங்கள் என்று நீ சொல்வாய், நீ சொல்லித்தான் செய்தேன் என்று உன் முதுகில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீயோ பொய் எழுதிவிட்டு வாருங்கள் என்று எழுதிவிட்டாய். உன்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது. உன்னிடம் நான் செய்தது தப்புதான்.

ஆனால் ஒன்று. ஐந்து வருஷத்தில் நீ என்னிடம் வாடகை கேட்டிருக்கிறாய், அப்பாவின் மாத்திரை கேட்டிருக்கிறாய். ‘எனக்கு நீங்கள் வேண்டும்’ என்று கேட்டதே இல்லை. அந்தக் கடிதத்தைப் போய்க் கிழிக்கச் சொல்கிறாய். கிழிக்க மாட்டேன். என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

அன்புடன்,
உன் புருஷன்


பிப்ரவரி 24

அன்புள்ள அமுக்குணியாருக்கு,

விரல் தேறிவிட்டது. நகம் விழும், ஆனால் முளைக்கும் என்கிறார் டாக்டர்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்களோடு பேசவில்லை. நீங்கள் இங்கே இல்லாததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதித் தெரிவிக்கிறேன். ஊரார் விபத்தையெல்லாம் அன்றைக்கே எழுதுகிறவர், பெண்டாட்டிக்கு மட்டும் மூன்று வாரம் கழித்துச் சொல்வாராம். செய்வதைச் செய்துவிட்டு, செய்யட்டுமா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? மாற்றல் கைக்கு எட்டி வாய்க்கு எட்டவில்லையே என்று அழுதேன். நீங்கள் எழுதியது சரி என்று தெரிந்தும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கேட்கும்படி சொன்னதில் மாடிக்காரருக்கும் முழுக் கதை தெரிந்துவிட்டது.

“சரியாத்தான் பண்ணியிருக்கான்” என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஊர்ல தண்ணி எப்படி வரும்?” என்றார்.

“எதுக்கு மாமா?”

“நீ வேலையை விட மாட்டேன்னுதானேம்மா நான் இந்த வாடகை வீட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

அவர் இந்த வீட்டை விட்டு நகர மாட்டார் என்றுதான் நான் அந்த வேலையை விடாமல் இருந்தேன். “நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன் மாமா” என்றேன். “என்னை யாராவது கேட்டீங்களா?” என்றார். யாருமே கேட்கவில்லை. ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தே மூன்று வருஷத்தைத் தொலைத்திருக்கிறோம். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.

எனக்கு எங்கே போனாலும் தையல் வேலை கிடைக்கும். சூப்பர்வைசர் ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். “எந்தக் கம்பெனியில சேர்ந்தாலும் முதல்ல தடுப்பு இருக்கான்னு பாரும்மா” என்று எனக்கே புத்தி வேறு சொன்னார். குடியிருப்பில் இடம் இல்லையென்றால் வெளியில் பாருங்கள். இரண்டு அறை போதும். மாமாவின் அறைக்கு ஜன்னல் இருக்கட்டும். குழாய் மட்டும் தனியாக இருக்க வேண்டும், இன்னொரு மாடிக்காரரை என்னால் சமாளிக்க முடியாது. டிரைவர் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு நம் வீட்டில்தான் என்று சொல்லிவையுங்கள். நெட்டையை நான் பார்க்க வேண்டும். அவருக்குத் தீர்ந்துபோன கோபத்தையும் சேர்த்து நான் உங்கள் மேல் வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

என்ன இருந்தாலும் புருஷனைக் கேட்காமல் குடும்பத்தைக் கிளப்பக் கூடாது என்கிறார் மாமா. அதனால் முறைப்படி உங்களைக் கேட்கிறேன். நாங்கள் இருவரும் அங்கே வந்துவிடட்டுமா? அவசரமே இல்லை. நன்றாக யோசித்து, நிதானமாகப் பதில் எழுதுங்கள். மார்ச் இரண்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. உங்கள் பதில் இங்கே வரும்போது நாங்கள் அங்கே இருப்போம்.

உங்கள்
வீட்டம்மா