இருநூறு குலுக்கு

பார்த்திப வருஷம், புரட்டாசி 9

இந்த நோட்டு விவசாய ஆபீசர் தாவீதுராஜ் கொடுத்தது. இன்று பரளச்சிக்கு வந்து, சோளத்தில் கரிப்பூட்டை நோய் விழாமல் இருக்க வழி சொன்னார். மூன்று வருஷமாக அதே பேச்சு. ஒரு மரக்கால் விதைக்கு ஒரு பொட்டலம் கந்தகத் தூள். மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, இருநூறு குலுக்கு. எனக்கு அவரைவிட நன்றாக வரும். நடுவில் அவர் இருமுகிற இடம்கூடத் தெரியும்.

வந்திருந்த ஆம்பளைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். எழுதத் தெரிந்தவன் என்று எனக்கு மட்டும் நோட்டு. "கேட்டதை எழுதுங்க பெரியவரே. சாயங்காலம் ஒருக்கா வாசிச்சு யோசிங்க. அப்புறம் செஞ்சு பாருங்க" என்றார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. யோசிக்கிற பாடம் நாலாம் வகுப்பில் வரும் போல.

புரட்டாசி 13

பொட்டலம் ஆட்டுச் சொறிக்கு ஆனது. தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். விதைக்கு என்ன செய்வதாம் என்றாள் பெத்தம்மாள். விதைக்குத்தான் சொறி இல்லையே என்றேன். கட்டி நாற்பது வருஷம் ஆகிறது, என் பேச்சுக்கு ஒருநாள் சிரித்ததில்லை. நானும் விடுவதாக இல்லை.

புரட்டாசி 20

என் கூட்டாளி தவசி பேத்திக்குக் காதுகுத்து. சாப்பிட்டு முடித்ததும், ஆபீசர் மாதிரி செய்து காட்டு என்றார்கள். முழுப்பேச்சையும் ஒப்பித்தேன், இருமல் உட்பட. பானைக்குப் பதில் என் தொந்தியைப் பிடித்துக் குலுக்கினேன். தவசிக்குப் புரையேறி, நாலு பேர் முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

ஒச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்துக் காட்டுக்காரி. புருஷன் போனபிறகு ஒண்ணரைக் குறுக்கம் நிலத்தைத் தனியாகப் பாடுபடுகிறவள். கந்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மத்தாப்புச் செய்யப் போறியா தாயி என்றேன். அதற்கும் பந்தலே சிரித்தது.

ஐப்பசி 3

மழை. விதைத்தாயிற்று. வீட்டு விதைதான், அப்படியே.

மார்கழி 18

ஆபீசர் வந்தார். தவசி — படுபாவி — வத்தி வைத்துவிட்டான். "எங்க சின்னச்சாமிதான் நீங்க சொன்னத ஊரெல்லாம் சொல்லிக் குடுக்காரு" என்றான். ஆபீசர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தை மாதம் நாலு ஊர் ஆட்களைக் கூட்டிவந்து என் காட்டைத்தான் காட்டப்போகிறாராம்.

சரி என்றேன். வாய் இருக்கே வாய்.

தை 6

காட்டில் ஒரு கதிரை நசுக்கினேன். மணிக்குள் கரி. அடுத்ததிலும் கரி. பத்துக்கு மூணு போச்சு. போன வருஷம் ஒண்ணுதானே இருந்துச்சு? ஆபீசர் கெடக்கட்டும், ஆடி வரைக்கும் கஞ்சிக்கு என்ன செய்ய? மூணு வருஷமாக் கேட்டியேடா கிழட்டுப் பயலே, ஒருநாளாச்சும் —

ஆடு மட்டும் பளபளன்னு இருக்கு.

வருகிற வழியில் ஒச்சம்மாள் காட்டில் தேடித்தேடி நசுக்கிப் பார்த்தேன். ஒரு கரி இல்லை.

தானியக் குலுக்கை இந்த வருஷம் முக்கால்கூட நிறையாது என்று பெத்தம்மாளிடம் சொன்னேன். "வாயில வெளஞ்சத அள்ளிக் கொட்டுங்க, நெறஞ்சிரும்" என்றாள்.

தை 11

காலையிலேயே அரிவாளோடு போய், கரிக்கதிராகப் பார்த்து அறுத்தேன். பாதிகூட முடியவில்லை, வந்துவிட்டார்கள். முப்பது பேர். பெத்தம்மாளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

நைசாக வரப்பில் ஏறி, ஒச்சம்மாள் காட்டுப் பக்கம் கையை நீட்டி, "பாருங்க" என்றேன். பொய் இல்லை. பார்க்கத்தான் சொன்னேன். ஆபீசர் நாலைந்து கதிரை நசுக்கினார். முகமெல்லாம் சந்தோஷம். நீங்கள் செய்ததுதானே பெரியவரே என்றார்.

ஒச்சம்மாள் அங்கேதான் நின்றாள். நான் ஆமாம் என்றிருந்தால் அப்படியே விட்டிருப்பாள். அதுதான் என்னவோ செய்தது.

"இல்லய்யா. இது இந்தத் தங்கச்சி காடு."

உனக்கு யாரம்மா சொன்னது என்று அவளைக் கேட்டார்.

"இந்த அண்ணன்தான் காதுகுத்துல ஆடிக் காட்டுனாக. எல்லாரும் சிரிச்சாக. மறுநா மாட்டுக்குத் தண்ணி காட்டையில யோசன வந்துச்சு, இதுல சிரிப்ப எடுத்துட்டா மிச்சம் என்னன்னு. அருப்புக்கோட்டையில மருந்துக்கடையில கந்தகம் வாங்கி, அண்ணன் குலுக்குன மாதிரியே குலுக்குனேன்."

"அப்ப உங்க காடு எது?" என்றார் ஆபீசர் என்னிடம்.

பதில் சொல்லத் தேவையே இல்லை. கை, மீசை, வேட்டி எல்லாம் கரி. முப்பது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே இதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன்.

பெத்தம்மாள்.

தை 12

நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். மரக்கால், பொட்டலம், பானை, இருநூறு — முதல் பக்கத்திலேயே இருக்கிறது, என் கையெழுத்தில். எழுதினேன், மூடினேன்.

விய வருஷம், புரட்டாசி 25

விதை ஒச்சம்மாள் காட்டுச் சோளம். கந்தகம் ஆபீசர் கொடுத்த பொட்டலம். பெத்தம்மாள் எண்ண, நான் குலுக்கினேன். நூற்று நாற்பதில் இடுப்புப் பிடித்தது. மீதி அறுபதை அவள் குலுக்கினாள். நடுவில் ஆபீசர் இருமுகிற இடத்தில் இருமிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

தவசி வந்தான். சாயங்காலம் நாலு பேர் கூடுகிறார்கள், ஆபீசர் மாதிரி ஒருக்கா செய்யேன்லே என்றான். விதைப்பு முடியட்டும் என்றேன்.

ஆட்டுக்கு மறுபடி சொறி. வேப்பெண்ணெய் பூசியிருக்கிறேன்.