ஜெனி போட்ட நாலு கட்டம்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே கொளுத்தும் வெயில். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும். இரண்டும் ஆகவில்லை.

கிளினிக்கில் கூட்டம். பல் பிடுங்க வந்த ஒரு பெரிய மனிதர் பயத்தில் டாக்டர் விரலைக் கடித்துவிட்டார். டோக்கன் மேஜையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

ஜெனிக்கு பயாலஜி பிராக்டிகல். விரலில் குத்தி, சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து, மருந்து விட்டுப் பார்த்தார்களாம். ஏ மருந்திலும் திரியவில்லை, பி மருந்திலும் திரியவில்லை. ஆக, ஓ. வீட்டில் எல்லாருடைய ரத்த வகையும் எழுதி, தனக்கு எப்படி வந்தது என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

நான் பி. பிரசவத்தின்போது பார்த்தது. அவர் ஏபி. கதவோர ஆணியில் தொங்கும் கம்பெனி கார்டிலேயே இருக்கிறது. "நம்மளது ரேர் குரூப்பு" என்று அலட்டிக்கொள்வார்.

ஜெனி நாலு கட்டம் போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் நோட்டை விட்டு எழவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கேஸ் புக் பண்ணியாச்சு.

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜெனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ம்மா, அப்பா ஏபி-ன்னா எனக்கு ஓ வராதும்மா."

"ஏன் வராது?"

"ஏபி-ல ஏ இருக்கு, பி இருக்கு. ரெண்டுல ஒண்ணு புள்ளைக்குப் போயே ஆகணும். என்கிட்ட ரெண்டுமே இல்லியே."

சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். ஸ்கூல் மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றேன். திரும்பினால் அவர். ஒரு ஷூ காலில், ஒன்று கையில். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"கம்பெனி பஸ் வந்துரும்" என்று கிளம்பிவிட்டார். டிபன் பாக்ஸ் மேஜைமேலேயே கிடந்தது.

ஜூலை 16, புதன்

புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது.

நேற்றிலிருந்து அவர் பேச்சு: ம். சரி. வேணாம். சாம்பாருக்கு உப்புப் போட மறந்தது எனக்கே தெரிந்தது. அதையும் சாப்பிட்டு எழுந்தார்.

கை கழுவிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்: "ஜெனி பொறக்கிறதுக்கு முந்தின வருஷம் நான் புனேல ட்ரெய்னிங்ல தான இருந்தேன்?"

கையில் இருந்த குழம்புக் கரண்டியைச் சிங்கில் போட்டேன். போட்டேன் என்ன, எறிந்தேன்.

"ஆமா. நடுவுல லீவுல வந்தீங்க. என்ன கேக்கணுமோ நேராக் கேளுங்க."

"நான் என்ன கேட்டேன் இப்போ? ஒண்ணுமே கேக்கலியே."

கேட்கவில்லையாம். பெருங்களத்தூரில் பஸ் ஏறி மறைமலை நகரில் இறங்குகிற வரைக்கும் அதைத்தானே மென்றுகொண்டு போயிருப்பார்.

ஜூலை 17, வியாழன்

கிளினிக்கில் இரண்டு பேருக்கு ஒரே டோக்கன் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா கூப்பிட்டு என்ன விஷயம் என்றார். யாரோ ஒரு சினேகிதிக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "கார்டுல இருக்கறத விடுங்க. முதல்ல அவர் ரத்தத்தப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "நாளைக்கே லேபுக்குப் போலாம்." முடியாது என்றார். ஷிப்ட், ஆடிட், தலைவலி, என்னென்னவோ. பயம். ரிசல்ட் வந்து அதிலும் ஏபி என்றால்? அந்தப் பயம் இருக்கிற ஆள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்காதா?

ஜெனி மிஸ்ஸிடம் கெஞ்சிப் புது மருந்தில் மறுபடி குத்திப் பார்த்தாளாம். மறுபடியும் ஓ. விரல்நுனி வீங்கியிருக்கிறது.

"நான் சொல்லாமலே இருந்திருக்கணும்மா."

"நீ படிச்சதச் சொன்ன. அதுல என்ன தப்பு?" என்றேன். குழந்தை அப்பா முன்னால் வரவே கூசுகிறது. இதற்கு அவரை நான் மன்னிக்க மாட்டேன்.

எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம். என்மேல் இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறியிருக்குமோ? உடனே ஜெனியின் காது மடலைப் பார்த்தேன். அப்படியே அவருடையது. ஆனால் காது மடலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது.

ஜூலை 18, வெள்ளி

மழை வந்தேவிட்டது. மாடியில் துணி எல்லாம் நனைந்தது.

அவரோடு ஒரே லைனில் வேலை செய்யும் மணி அண்ணன் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்க வந்தார். ஷிப்ட் முடிந்து நேரே, கழுத்தில் கார்டோடு. இவர் டிவியை முறைத்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுபோன ஜெனி டம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

"அங்கிள், நீங்களும் ஏபி-யா?"

"யாரு, நானா? நான் ஓ பாசிட்டிவு கண்ணு. வருஷா வருஷம் ரத்தம் குடுத்துகினு கீறேன்."

"கார்டுல ஏபி-ன்னு இருக்கே."

மணி அண்ணன் கார்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "அத்த வுடு. புது கார்டு மாத்துனப்ப ஆபீஸ்ல ஒர்த்தன் கம்ப்யூட்டர்ல மொத ஆளுக்கு அடிச்சுட்டு, அப்டியே கீழ வரிக்கும் இஸ்துட்டான். எங்க லைன் மொத்தமும் ஏபி தான். யாரு போய் மாத்திகினு, பேஜாரு. இன்னா, உங்கப்பன் சொல்லலியா?"

ஜெனி விடவில்லை. "அடிபட்டா இதப் பாத்து ஏத்திட மாட்டாங்களா?"

"ஆஸ்பத்திரில பாக்காம ஏத்த மாட்டாங்கோ கண்ணு."

டிவியில் ஏதோ விளம்பரம். இவர் அசையவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணியில் தொங்கும் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 19, சனி

லேப். தானாகவே முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். வெளியே பெஞ்சில் ஜெனி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதுப் பழக்கம்.

ஏ பாசிட்டிவ்.

அங்கேயே லேப் கவரின் பின்பக்கத்தில் ஜெனி நாலு கட்டம் போட்டாள். அப்பாவிடம் ஒரு ஏ, ஒரு ஓ. என்னிடம் ஒரு பி, ஒரு ஓ. கடைசிக் கட்டத்தில் இரண்டு ஓ. "இது நான்!" என்று தட்டிக் காட்டினாள். அந்த ஓ எங்கள் இருவரிடமும் இருந்தே இருக்கிறது, வெளியே தெரியாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காக.

அவர் பெரிய கவரில் பிரியாணி வாங்கினார். வழியெல்லாம் பேச்சு. செக்யூரிட்டிக்கு வணக்கம். வீட்டில் இலை போட்டு, "சும்மா டென்ஷன் ஆயிட்டோம்ல?" என்றார்.

ஆயிட்டோமாம். குத்தியது அவர் கையில். பாஸ் ஆனது நானாம்.

எனக்குப் பசி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில் லேசு. துணி மறுபடி துவைத்தேன். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் அவரே ஊற்றிவிட்டார். நான் கேட்காமலே. கார்டில் ஏபி மேல் பிளாஸ்திரி ஒட்டி ஏ என்று எழுதியும் வைத்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

கோவிலுக்கு மூன்று பேரும். நடுவில் நான். பூசை நடுவில் ஃபாதர், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை கூப்பிச் சமாதானம் சொல்லச் சொன்னார். ஜெனி பக்கம் திரும்பிக் கை கூப்பினேன். பின்வரிசைக்குக் கூப்பினேன். முன்வரிசையில் யாரென்றே தெரியாத அம்மாவுக்கும் கூப்பினேன். இந்தப் பக்கம் அவர் எனக்குக் கை கூப்பியபடி நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அவர் கையை இறக்கவில்லை. நான் பாட ஆரம்பித்தேன்.