கோட்டைச் சுவரில் வைத்த மஞ்சள்

3.3 திங்கள்
காலையில் தூறல், எட்டு மணிக்கு வெயில். கடலோரக் கோட்டையில் வடக்குச் சுவர் பூச்சு இன்று முடிந்தது. பூசியது செல்வம் அண்ணே, சுண்ணாம்புக் கலவை நான். சிமெண்டு ஒரு பிடிகூடக் கூடாது, பழைய செங்கல் மூச்சு விடணுமாம். மரபுத் துறை அதிகாரியம்மா, எங்களுக்குப் புவான், சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். புதுச் சுவர் மொட்டையாக நிற்பது மனசுக்கு ஒப்பவில்லை. பையிலிருந்த மஞ்சளைக் குழைத்து மூன்று கோடு இழுத்தேன். சாமி, விரிசல் விடாமல் நிற்கட்டும். வேலை முடிகிற நேரம், அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வாங்க: உப்பு, சின்னவளுக்கு ஸ்கூல் சப்பாத்து.

4.3 செவ்வாய்
ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் மஞ்சள் சிவந்து, கரைந்து, சுவரடிவரை ஒழுகியிருக்கிறது. ஐயோ. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். கல்யாண வீடுகளில் எத்தனை தட்டு ஆலம் கரைத்தவள் நான்! ஈரச் சுண்ணாம்பில் போய் மஞ்சளைப் பூசியிருக்கிறேன். கழுதை.

காண்டிராக்ட் எடுத்த முதலாளி, தவுக்கே, பார்த்துவிட்டார். செல்வம் அண்ணே வெற்றிலை போடுகிறவர், அவர்தான் துப்பினார் என்று முடிவு கட்டிவிட்டார். மலாயில் ஒரே திட்டு. நான் துப்பவில்லை என்று அண்ணே ஒரு தடவை சொன்னார். பிறகு கரண்டி, மட்டப்பலகை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வாயே திறக்கவில்லை. பயம். இந்த வேலை போனால் மறுபடி மீன் கிடங்கில் ஐஸ் அள்ளணும்.

5.3 புதன்
சுள்ளென்று வெயில். பீடோரிலிருந்து புதுக் கொத்தனார். பூச்சு மேடும் பள்ளமும்.

மணல் சலிக்கும் ராணி அக்கா: “செல்வத்துக்கு வயசாயிருச்சு. எங்க துப்புறோம்னே தெரியல லா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ.

6.3 வியாழன்
மேகமூட்டம். புவான் வந்தார். தவுக்கே வெற்றிலைக் கதையை ஆரம்பித்தார். அதற்கு மேல் பொறுக்கவில்லை. டப்பா மூடியில் சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், குழைத்து நீட்டினேன். சிவந்தது.

“சாயா புவாட், புவான்.” நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

புவான் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தை உரித்து மறுபடி பூசணும் என்றார், அவ்வளவுதான். உரிக்கிறது என் பாடு. செல்வத்தைக் கூப்பிடு என்றார் தவுக்கே, என் முகத்தைப் பார்க்காமல்.

போன் போட்டேன்.

“அண்ணே, அது நான் வச்ச மஞ்சள்.”

“தெரியும். நீ வச்சப்ப ஏணிக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே!”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். ரெண்டு நாளா.”

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அண்ணேயே மேலே சொன்னார்.

“நாளைக்கு வேலைக்கு வாரேன். ஆனா சாப்பாட்டு நேரத்துல எம்பக்கத்துல வந்து ஒக்காராத.”

சரி அண்ணே என்றேன்.