முந்நூறு பல்லும் ஒரு வெறும் நாற்காலியும்

அன்பு மகன் ஷர்வினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி காமினி மூன்று பேரும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் காது மூக்கு விறைக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் வேலை இருக்கும்மா என்று வெட்டிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன் கம்பெனி எடுத்த பேய்ப் படத்தைப் பாலம் தாண்டிச் செபராங் ஜெயா தியேட்டரில் போய்ப் பார்த்தோம். மூன்று வருஷம் ராப்பகலாகக் கம்ப்யூட்டரில் நீ செய்த பேய் அதுதானா ராஜா, வாயைத் திறந்தால் முந்நூறு பல், முதலிலிருந்தே வந்து நின்று கத்துகிறது, எனக்குப் பயம் வரவில்லை, பல் டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்றுதான் தோன்றியது. அப்பா பாதியிலேயே குறட்டை. கடைசியில் உன் பெயர் வருமே என்று எல்லாரும் போன பிறகும் நான் நின்றேன், எறும்பு மாதிரி எழுத்து, ஓடிவிட்டது.

போன ஞாயிறு காமினி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் போட்டாள், நான் சின்னப் பிள்ளையில் பார்த்தது. காசில்லாதவர்கள் பத்தே நாளில் எடுத்ததாம். ஒரே வீடு, ஒரே விளக்கு, புகைக்குச் சாம்பிராணி. செத்தவன் நாற்காலி தானாக ஆடுகிறது, இழுக்கிற கயிறுகூடத் தெரிகிறது. இந்தக் கூத்துக்கா அன்றைக்குப் பாவாடையை நனைத்தேன் என்று எனக்கே வெட்கம். ஆனால் பேய் கடைசி வரைக்கும் வரவே இல்லை, வெறும் நாற்காலியும் காலடிச் சத்தமும்தான். அங்கே குறட்டை விட்ட மனுஷன் இங்கே இரண்டு காலையும் சோபாவில் தூக்கி வைத்துக்கொண்டார். படம் முடிந்ததும், மூலையில் கிடக்கிற உன் படிப்பு நாற்காலியைக் காட்டி, "அத அங்குட்டுத் தூக்கிப் போட்டிரு லா" என்றார். நான் போடவில்லை. ஆள் இல்லாத நாற்காலிக்கு உன் முந்நூறு பல்லும் ஈடாகாதுடா.

தை மாதம் காமினி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, இரண்டாம் பாகத்துப் பேய்க்கு முடி ஒட்ட வேண்டும் என்று அவளிடம் சொன்னாயாமே. பத்து நாளில் ஒரு படமே முடித்திருக்கிறார்கள், உனக்கு நாலு நாள் இல்லையா. மணவறையில் அண்ணனாக நின்று அவள் கையில் பெரியப்பா மகன் லோகேஸ்வரன் பொரி போடட்டும் என்றாயாம். அவள் என்னிடம் சொல்லும்போது அழவில்லை, பொரி வாங்க வேண்டிய இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தண்ணீர்மலை முருகன் உன்னைக் காப்பான், நேரத்துக்குச் சாப்பிடு, டிக்கெட் போட்டுவிட்டு முதலில் காமினிக்குச் சொல். பேய் வராமலே பயம் காட்டலாம், அண்ணன் வராமல் பொரி போட முடியாது.

இப்படிக்கு,
உன் நாற்காலியைத் தினமும் துடைக்கிற அம்மா
சாந்தினி